சட்டியில் ஒட்டிய பெயர்கள்

என் சமையலறை ஜன்னலில் ஒரு பூச்சட்டி தொங்குகிறது. சட்டி என்ன நிறம் என்று கேட்டால் எனக்கே சட்டென்று சொல்லத் தெரியாது. பச்சையாக இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவார்களே, அந்த வெள்ளைப் பிளாஸ்டரைத் துண்டு துண்டாகக் கிழித்து அதைச் சுற்றிலும் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெயர். தமிழில் சில, மலாயில் சில, சீன எழுத்தில் இரண்டு மூன்று. எல்லாம் அந்தச் சட்டியில் இருக்கும் ஒரே கொடியின் பெயர்கள்தான். ஒரே ஒரு துண்டில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அது எனக்காக ஒட்டியது. இரண்டு வருடமாக வெறுமையாகவே இருக்கிறது. தாளிக்கிற புகை படிந்து ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

சட்டியை எனக்குக் கொடுத்தவர் பெரிய மிஸ்ஸி. எங்கள் ஜொகூர் பக்கம் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கூலாயில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்த டயாலிசிஸ் நிலையத்தில் நான்கு மிஸ்ஸிகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை என்பதால் இவர் பெரிய மிஸ்ஸி. ஆள் என்னவோ என் தோளுக்குத்தான் வருவார். போன மாதம் சிகாமட்டிலிருந்து அவருடைய தம்பி போன் செய்து, "அக்கா தவறிட்டாங்க, தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். கிளம்ப நினைத்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. ஆறு ஏறி ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, கார் வராது என்று அந்தத் தம்பியே மறுபடியும் கூப்பிட்டுத் தடுத்துவிட்டார். வருடக்கணக்காக வாரத்துக்கு மூன்று நாள் பார்த்த முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன், அதுவும் வரவில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் அலுப்புதான் வந்து நிற்கிறது, பல வருடப் பழக்கம்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். பெக்கான் நானாஸ் பக்கமிருந்து அன்னாசி ஏற்றிக்கொண்டு இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப லாரி?" லாரி போயிற்று. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மெஷினோடு கட்டிப்போட்டது மாதிரி கிடக்க வேண்டும். எங்கள் ஊர் செடெனாக்கிலிருந்து கூலாய்க்கு அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஆள் நான் ஒருத்திதான். மகள் ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். அவளுக்கு எல்லைப் பாலத்து நெரிசலிலேயே பாதி ஆயுள் கழிகிறது. ஆகவே ஐம்பத்திரண்டாம் வயதில் நான் கார் ஓட்டக் கற்றேன்.

லாரி டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் என் பாடு புரியும். "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று வழி முழுக்க ஓதிக்கொண்டே வருவார். தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவார். வீட்டுக்கு வந்தால் எடை பார்க்க வேண்டும், தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும், காயை வேகவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி சமைக்க வேண்டும், உப்பைக் கிள்ளிப் போட வேண்டும். கறியில் ருசி இல்லை என்று தட்டைத் தள்ளுவார். நான் அந்தத் தட்டையே எடுத்து நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுத் துணி துவைக்கப் போவேன். யாரையும் குறை சொல்லவில்லை. அப்போது என் நாள் எப்படி இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

முதல் நாள் அவருக்குக் கிடைத்தது ஜன்னலோர நாற்காலி. ஜன்னலில் இந்தச் சட்டி. தடித்த இலைகள், ஈயத்தட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு. கம்பியைச் சுற்றிக்கொண்டு கொடி மேலே ஏறியிருந்தது. இந்த மாதிரி இடத்தில் பிளாஸ்டிக் செடி வைத்துத் தூசி சேர்ப்பது வழக்கம்தானே என்று நினைத்து நகத்தால் ஒரு இலையைக் கீறினேன். பால் கசிந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பால் வடிகிற எதைக் கண்டாலும் கொஞ்சம் பயபக்தி வந்துவிடும். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பெரிய மிஸ்ஸி பார்த்துவிட்டார். "பரவாயில்லக்கா, மொத நாள் எல்லாரும் கீறித்தான் பாப்பாங்க. நம்ம ஆளுங்களயும் மொத நாள் பாத்தா உசுரு இருக்கான்னு சந்தேகமாத்தான் இருக்கும்" என்றார். நோயாளிகள் முன்னாலேயே இப்படிப் பேசுவார். அவர்களும் சிரிப்பார்கள்.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய மிஸ்ஸி ஏற்படுத்தியதுதான். புதிதாக வருகிறவர் அந்தக் கொடிக்குத் தன் வாயால் ஒரு பெயர் சொல்ல வேண்டும். மிஸ்ஸி பிளாஸ்டர் துண்டு கிழித்து, சொன்னவர் கையாலேயே எழுத வைத்து, சட்டியில் ஒட்டுவார். ஊசி ஏறாத கை சும்மாதானே இருக்கிறது, எழுதட்டும் என்பார். எதிர் நாற்காலியில் இருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், அவர் சொன்ன பெயர் புங்கா லிலின். புங்கா என்றால் பூ, லிலின் என்றால் மெழுகுவத்தி. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சீன அங்கிள், உருண்டை ஆர்க்கிட் என்று பொருள்படும் ஒரு பெயரை அழகாகச் சீனத்தில் எழுதியிருந்தார். தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பூவைப் பார்த்தால் பழைய கல்லுத்தோடு மாதிரியே இருக்கிறதென்று தோடுப்பூ என்று சொன்னாராம். நாங்கள் போகும்போது அவர் இல்லை. சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்தவர், அவர் வைத்த பெயர் சீனிப்பூ. பூவிலிருந்து தேன் சொட்டுமாம். "எனக்குக் கெடுதல் பண்ணாத ஒரே சீனி இதுதாம்மா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எந்தப் பெயர் சரி என்று அவர்களுக்குள் நடக்கும் வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது. நான்கு மணி நேரம் போவதற்கு ஒரு வழக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒருவர் போய்விட்டால் அவர் நாற்காலிக்கு அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிடுவார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது அங்கே எழுதாத சட்டம். ஆனால் சட்டியிலிருந்து பிளாஸ்டரை மட்டும் மிஸ்ஸி எடுக்கவே மாட்டார். ஓரம் பெயர்ந்தால் மேலே இன்னொன்று ஒட்டி அழுத்துவார். தோடுப்பூ அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. அவர் கையெழுத்து தெரியும்.

என் வீட்டுக்காரர் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். நாங்கள் போவதற்கு முந்தின மாதம்தான் கொடி பூத்து ஓய்ந்திருந்தது. "பாக்காத பூவுக்கு நா எப்படிப் பேரு வைக்கிறது?" என்றார். "சரிண்ணே, பூக்கட்டும்" என்று மிஸ்ஸி விட்டுவிட்டார். உண்மையில் அவருக்குக் கோபம். அந்த நாற்காலி மேல் கோபம், மெஷின் மேல் கோபம், அவரைத் தூக்கி உட்கார வைக்கிற என் மேலும் கோபம்.

நான்காவது மாதம், ஒரு வியாழக்கிழமை, சட்டை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "போதும். இனிமே வரல. எனக்குத் தெரிஞ்சுதான் சொல்றேன்." தெரிந்துதான் சொன்னார். நிறுத்தினால் எத்தனை நாள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நான் கெஞ்சினேன், திட்டினேன், மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் செய்தேன். ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: அவர் போதும் என்றதும் என் நெஞ்சில் முதலில் எழுந்தது அழுகை இல்லை. அப்பாடா என்ற ஒரே சொல். அடுப்படிக்குப் போய்க் கையைக் கழுவினேன். கழுவ ஒன்றும் இல்லாத கை.

நிலையத்துக்குப் போன் செய்து இன்று வரவில்லை என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் வாசலில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. பெரிய மிஸ்ஸி, வேலைச் சட்டையோடு. உள்ளே வந்து உட்கார்ந்தார், நான் கொடுத்த கோப்பியைக் குடித்தார், வீட்டு மல்லிகையை விசாரித்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "பேரு சொல்லாமப் போறீங்களேண்ணே, அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

"பாக்காத பூவுக்கு என்ன பேரு?"

"அப்ப பாத்துட்டுப் போங்க லா. ஒரு தடவ பூக்கட்டும், பாருங்க, பேரு சொல்லுங்க. அப்புறம் ஒங்க இஷ்டம். நா வந்து கூப்பிட மாட்டேன், அக்காவும் கூப்பிட மாட்டாங்க."

"எப்ப பூக்கும்?"

"யாருக்குத் தெரியும்? நாளைக்கே பூத்தாலும் பூக்கும்."

அவர், "வார்த்த மாற மாட்டீங்களே?" என்றார். மிஸ்ஸி மாற மாட்டேன் என்றார். சனிக்கிழமை நான் காரை எடுத்தபோது அவரே வந்து ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியப் பாரு என்றார்.

அடுத்த வாரம் நான் செய்த காரியம்தான் இத்தனை நாள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாதது. அந்தக் கொடியில் பூ உதிர்ந்த பிறகும் பூத்த இடத்தில் குட்டையாக ஒரு மொட்டைக் காம்பு நிற்கும். பார்க்கக் காய்ந்துபோனது மாதிரி இருக்கும். மல்லிகை ஒரு தடவை பூத்து ஓய்ந்ததும் நன்றாகக் கழித்துவிட்டால் குபுகுபுவென்று துளிர்த்துப் பூக்கும். வாசலில் மல்லிகை வைத்திருக்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இது கைப்பழக்கம். அவர் கண் மூடிக் கிடந்தார். மிஸ்ஸிகள் அந்தக் கோடியில் யாருக்கோ ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதென்று சுற்றி நின்றார்கள். மேசையில் கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. கைக்கு எட்டிய மொட்டைக் காம்பு ஐந்தையும் ஒட்ட நறுக்கினேன். உயரத்தில் இருந்த இரண்டு மட்டும் எட்டவில்லை.

பெரிய மிஸ்ஸி வந்து பார்த்தார். கொடியைப் பார்த்தார், என் உள்ளங்கையில் இருந்த காம்புகளைப் பார்த்தார். "ஐயோ, எதுக்குக்கா வெட்டினீங்க? இதுலேருந்துதான அது திரும்பப் பூக்கும்" என்றார்.

"சீக்கிரம் பூக்கட்டும்னு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே காதில் விழுந்தது. பூத்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் பூவைப் பார்க்க வேண்டும் என்றுதான் வெட்டினேனா, மிஸ்ஸியோடு பேசிய கெடு முடிந்து நான் படுத்துத் தூங்க வேண்டும் என்று வெட்டினேனா? இன்றைக்கு வரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிஸ்ஸி என் முகத்தையே பார்த்தார். காம்புகளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்காலி மேல் ஏறி, மிச்சமிருந்த இரண்டு காம்பிலும் பிளாஸ்டர் சுற்றி, வெட்டாதீங்க என்று தமிழிலும் மலாயிலும் எழுதினார்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். ஒவ்வொரு தடவையும் படுத்ததும் அவர் கேட்பார், "மிஸ்ஸி, பூத்துச்சா?" மிஸ்ஸி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, "நாளைக்குப் பாருங்கண்ணே" என்பார். "நாளைக்கு நா வர்ற நாள் இல்லியே" என்பார் இவர். செவ்வாய்க்கு மறுநாள் புதன், வியாழனுக்கு மறுநாள் வெள்ளி, எப்படிப் பார்த்தாலும் நாளைக்கு அவருடைய முறை வராது. இந்த ஒரே வேடிக்கையை இரண்டு பேரும் சலிக்காமல் ஒரு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மக்சிக் தமிழ் தெரியாமலே அந்த இடத்தில் சிரிக்கப் பழகிவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வராது. சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். அந்தச் சுவரில் என் தலை எண்ணெய் பட்டு ஒரு வட்டம் விழுந்திருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, உயரத்தில் இருந்த ஒரு காம்பில் மிளகளவு மொட்டுகள் வந்தன. அறையே பேசியது. பாய், "இன்னும் பத்து நாளு, வாசம் வரும் பாருங்க, சாயங்காலம் ஆனாத்தான் வரும்" என்று எல்லோருக்கும் முன்கூட்டியே விருந்து வைத்தார். மிஸ்ஸி கண்டிப்பாகச் சொன்னார்: "யாரும் சட்டியத் தொடாதீங்க. திருப்பினா வெளிச்சம் மாறும், வெளிச்சம் மாறினா மொட்டு எல்லாம் கொட்டிடும்." யாரும் தொடவில்லை. அடுத்த வாரம் போனபோது மொட்டெல்லாம் தரையில் கிடந்தன. பாய் ரொம்ப வருத்தப்பட்டார். அடுத்த தடவைக்கு அவர் இல்லை. அவர் நாற்காலிக்கு வந்த புது ஆளிடம் மிஸ்ஸி பெயர் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது என்று எனக்கு ஞாபகம். அப்போது அதற்குக் காரணம் தெரியவில்லை.

மறுபடி மொட்டு வந்தது. அன்று ஒரு செவ்வாய். அவரைப் படுக்க வைத்துவிட்டுக் கீழே போனவள், கார்ச் சாவியைப் பெஞ்சிலேயே வைத்துவிட்ட ஞாபகம் வந்து திரும்பி ஏறினேன். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய மிஸ்ஸி என் வீட்டுக்காரரின் தலைமாட்டில் நின்றிருந்தார். அவர் கண் மூடியிருந்தார். மிஸ்ஸி ஒரு தடவை சுற்றிலும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்து, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவது மாதிரி, மெதுவாக மறுபக்கம் திருப்பினார்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் சீக்கிரம் என்றேன். இவர் இன்னும், இன்னும் என்கிறார். வாரம் மூன்று நாள் ஓட்டுவது யார், இவரா? கொஞ்ச நேரத்தில் கோபம் இறங்கிப் பாய் முகம் வந்தது. ஒரு பூவுக்காக அத்தனை பேரும் காத்திருக்க, ஒரே ஒரு மனிதன் வராமல் நின்றுவிடக் கூடாது என்று இந்தப் பெண் அந்த மொட்டுகளைக் கொட்டுகிறாள். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மேலே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டேன். மிஸ்ஸி பக்கம் பார்க்கவில்லை.

மொட்டுகள் விழுந்துவிட்ட அடுத்த வாரம், திரும்பி வரும்போது, காரில் அவர் சொன்னார், "மிஸ்ஸிதான் சட்டியத் திருப்பினாங்க."

"நீங்க தூங்கிக்கிட்டுல்ல இருந்தீங்க?"

"அரக்கண்ணுதான் மூடியிருந்தேன். எதுத்தாப்ல டிவி அணைஞ்சு கெடந்துச்சு. அணைஞ்ச டிவி கண்ணாடி மாதிரிதான். இருவத்தெட்டு வருஷம் கண்ணாடியில பின்னால பாத்தே ஓட்டினவன் நானு. போன தடவையும் பாத்தேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்கிறது? நா வரணுங்கிறதுக்காக அந்தப் பொம்பள பூவே வேணாங்குது. அதுகிட்டப் போயி நா வரலன்னு சொல்றதா?"

சிவப்பு விளக்கில் நின்றோம். அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "நீ வெட்டினதையும் அதே டிவியிலதான் பாத்தேன்" என்றார்.

விளக்கு பச்சையானது எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "போ, பச்ச போட்டுட்டான்" என்றார். போனேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீயும் எவ்ளோ நாளைக்குத்தான் ஓட்டுவ? ஓட்டுறவனுக்குத்தான் தெரியும் அந்த அலுப்பு. நா கோவிச்சுக்கல" என்றார். நான் அழுதேன். கண்ணீரில் ரோடு தெரியவில்லை. அவர் வழக்கம்போல, "கண்ணாடியப் பாரு" என்றார். அன்று தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை அவர் அழுத்தவில்லை.

சனிக்கிழமை படுத்ததும், "எழுதலாம் மிஸ்ஸி, பிளாஸ்டரு கொண்டாங்க" என்றார்.

"பூவப் பாக்காமயா?"

"பாத்தது போதும்."

மிஸ்ஸி துண்டைக் கிழித்தார். அவர் ஊசி ஏறாத கையால் கோணல்மாணலாக எழுதினார்: நாளைக்குப் பூ. மிஸ்ஸி அதை இரண்டு தடவை படித்தார். "இனிமே யாரும் சட்டியத் திருப்ப வேணாம். செவ்வாக்கெழம வரேன்" என்றார் இவர். மிஸ்ஸி பிளாஸ்டரை ஒட்டிவிட்டு மருந்து அறைக்குள் போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு வர நேரமாயிற்று.

ஐந்தாறு மாதத்தில் அது பூத்தது. வெள்ளையில் லேசாக ரோஸ் கலந்த சின்னச் சின்ன நட்சத்திரங்கள், நடுவில் சிவப்புப் பொட்டு, எல்லாம் சேர்ந்து ஒரு உருண்டை. தோடுப்பூ அம்மா சொன்னது சரிதான், சீன அங்கிள் சொன்னதும் சரிதான். நாலரை மணிக்கு ஊசி எடுத்தால் உடனே கிளம்பு கிளம்பு என்று அவசரப்படுத்துகிற மனிதர், அன்று அடுத்த ஆளுக்கு நாற்காலியை விட்டுவிட்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்துத் தொழுகையிடத்தில், சூராவில், அந்திப் பாங்கு சொல்லும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். வாசம் அப்போதுதான் வந்தது. பாய் சொன்னது மாதிரியே ஒரு துளி தேன் ஜன்னல் கட்டையில் சொட்டியது. அவர் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "பாய் பொய் சொல்லல" என்றார்.

பூவைப் பார்த்த பிறகும் ஒன்றேமுக்கால் வருடம் வந்தார். ஒரு நாள்கூடச் சட்டை போட மாட்டேன் என்று சொன்னதில்லை. அப்புறம் ஒரு காய்ச்சல், பெரிய ஆஸ்பத்திரி, நான்கு நாள். அவ்வளவுதான். நான் அந்த வாரம் பதினாறு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை காலையில் பழக்கத்தில் எழுந்து கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன்.

பெரிய மிஸ்ஸி வேலையிலிருந்து ஓய்வு பெற்று சிகாமட்டுக்குத் திரும்புகிற வாரத்தில் இந்தச் சட்டியோடு வீட்டுக்கு வந்தார். பக்கத்துச் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கொண்டுவந்தார். அங்கே இனி யாரும் பெயர் கேட்க மாட்டார்கள், புதிதாக வந்த தலைமை மிஸ்ஸிக்குச் செடி பிடிக்காது என்றார். கோப்பி குடிக்கும்போது பாய் எழுதிய சீனிப்பூத் துண்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அண்ணனப் போக விடாமப் பிடிச்சு வச்சேன். பாய ஏமாத்திட்டேன். ரெண்டும் நாந்தான் செஞ்சேன், அக்கா" என்றார். எனக்குத் தெரிந்த ஆறுதலெல்லாம் அந்த ஐந்து வருடத்தில் தீர்ந்துபோயிருந்தது. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பையிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்து ஒரு துண்டு கிழித்துச் சட்டியில் ஒட்டினார். "கூட வந்தவங்ககிட்ட ஒரு நாளும் பேரு கேட்டதில்ல. படுத்திருக்கிறவங்களத்தான் கேட்டேன். அந்த பெஞ்சில ஒக்காந்திருந்தவங்களயும் கேட்டிருக்கணும். நீங்க எழுதுங்கக்கா."

"பூவ என் வீட்டுல பாக்காம எப்படி எழுதுறது?" என்றேன். என் வீட்டுக்காரர் பேச்சு என் வாயில் வந்ததைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்தோம். சரி, பூத்ததும் எழுதிவிட்டுப் போன் பண்ணுங்கள் என்றார். சட்டி இடம் மாறிய கோபமோ என்னவோ, கொடி இரண்டு வருடம் இலையைத் தவிர ஒன்றும் விடவில்லை. நானும் போன் பண்ணவில்லை.

மிஸ்ஸி போய்ச் சேர்ந்த செய்தி வந்த மறுவாரம் ஒரு மொட்டைக் காம்பில் மிளகளவு பச்சை தெரிந்தது. இதற்கு நான் எந்த அர்த்தமும் வைக்கவில்லை. மழைக்காலம், அது பூக்கிற காலமாக இருக்கும். மகள் என்னை ஜொகூர் பாருவில் தன் வீட்டோடு வைத்துக்கொள்ளப் போகிறாள், இந்த வீட்டைக் காலி செய்ய நாளும் குறித்துவிட்டாள். போன ஞாயிறு போன் செய்து, "சனிக்கெழம லாரி சொல்லிட்டேம்மா. எல்லாத்தையும் கட்டி வச்சிருங்க, அந்தச் சட்டியையும்தான்" என்றாள். "இந்த வாரம் வராத. மொட்டு விட்டிருக்கு, இப்ப நகத்தினா கொட்டிடும்" என்றேன். "பூவுக்காகவாம்மா?" என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்கும் அலுப்பு இருக்கத்தான் செய்யும், பாவம். பூவுக்காகத்தான் என்றேன்.

இன்று சாயங்காலம் நான்கு பூ விரிந்தது. நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டேன். யாருக்கும் தண்ணீர் அளக்க வேண்டாம், யாரையும் எடை பார்க்க வேண்டாம். பாங்கு சொல்லும் நேரத்துக்கு வாசம் சரியாக வந்தது. பேனாவை எடுத்து அந்த மஞ்சளேறிய துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்து. இன்னும் பத்துப் பதினைந்து மொட்டு விரிய வேண்டியிருக்கிறது. சட்டியை ஒரு நூல்கூட அசைக்காமல் பேனாவை மூடி வைத்தேன். அவசரம் ஒன்றுமில்லை, நாளைக்கு எழுதலாம்.